நெடுந்தீவுக் குதிரைகள்

நுழையும் முன்

குதிரை என்றவுடன் அரசர்களின் படையும், ஊரெல்லையில் ஐயனார் கோயில் முன் நிற்கும் சுடுமண் குதிரையும் நம் நினைவுக்கு வரும். கட்டுவாரும் ஓட்டுவாரும் இன்றி, நூற்றுக்கணக்கான குதிரைகள் தாமே மேய்ந்து வாழும் தமிழ் ஊர் ஒன்று உண்டு. அது பாக்கு நீரிணையில் அமைந்த நெடுந்தீவு. அக்குதிரைகள் அங்கு எவ்வாறு வந்தன? அவற்றின் இயல்புகள் யாவை? இன்று அவற்றின் நிலை என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இனம் என்பது யாது?

மாணவர்களே, வித்துராவில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணையை மக்கள் ‘ஜெர்சி பண்ணை’ என அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஜெர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள ஒரு சிறிய தீவின் பெயர். அத்தீவின் மாடுகளுடன் வெளிமாடுகள் கலந்துவிடக் கூடாது என்று கருதிய தீவினர், 1789ஆம் ஆண்டில் வெளிமாடுகளைக் கொண்டுவருவதைச் சட்டத்தால் தடுத்தனர். அதனால் அத்தீவின் மாடுகள் நிறத்தாலும் உருவத்தாலும் பாலின் கொழுப்பாலும் ஒரே தன்மை உடையனவாக நிலைத்தன. தீவின் பெயரே இனத்தின் பெயராயிற்று.

மாடு என்பது ஒரு விலங்கு. அவ்விலங்கினுள்ளே ஜெர்சி ஓர் இனம். காங்கேயம் ஓர் இனம். கேரளத்தின் வெச்சூர் மற்றோர் இனம். பெற்றோரின் தன்மைகள் குட்டிகளிடம் தலைமுறைதோறும் மாறாமல் தொடர்ந்து வருமாயின் அக்கூட்டத்தை ‘இனம்’ என்கிறோம். கால்நடை இனங்கள் பெரும்பாலும் மனிதரின் தேர்வால் உருவானவை. உழவுக்கு வலிமையானதையும், பாலுக்கு மடி பெருத்ததையும், ஓட்டத்திற்கு விரைவானதையும் மனிதர் தேர்ந்து இணைசேர்த்தனர். நிலமும் ஒருபுறம் தேர்வு செய்தது. வெப்பத்தையும் மழையையும் தீவனக் குறையையும் தாங்கியவை பிழைத்தன, தாங்காதவை மறைந்தன.

இனம் என்பது கவனிப்பார் இல்லையேல் அழியக்கூடியது. கோட்டயம் மாவட்டத்து வெச்சூர் என்னும் ஊரின் பெயரைப் பெற்ற வெச்சூர்ப் பசு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமே உடையது. மிகுந்த பால் தரும் கலப்பினங்கள் பரவியபோது இப்பசு ஏறக்குறைய மறைந்துபோனது. 1989ஆம் ஆண்டில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் எஞ்சியிருந்த சில பசுக்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவ்வினத்தை மீட்டெடுத்தனர். மாணவர் சிலரின் முயற்சி ஓர் இனத்தைக் காத்தது என்பதை நினைவில் கொள்க.

2. குருதியின் பெயரால் ஒரு பகுப்பு

குதிரைகளை வளர்ப்போர் அவற்றை மூவகையாகப் பகுப்பர். அரேபியக் குதிரைபோல மெலிந்த உடலும் மிகு விரைவும் துள்ளும் இயல்பும் உடையவை ‘வெப்பக் குருதி’ இனங்கள். வண்டியும் ஏரும் இழுக்கும் பேருடலும் அமைதியும் உடையவை ‘குளிர்க் குருதி’ இனங்கள். இவ்விரண்டின் நற்பண்புகளும் ஓர் உடலில் சேருமாறு வளர்க்கப்பட்டவை ‘இளவெப்பக் குருதி’ இனங்கள். மூன்றாம் வகையில் ஜெர்மனி நாட்டு இனங்கள் புகழ்பெற்றவை.

இப்பெயர்கள் குதிரையின் சுபாவத்தைக் குறிப்பன. உடலின் வெப்பநிலைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. எல்லாக் குதிரைகளின் உடல் வெப்பமும் ஏறத்தாழ 38 பாகை செல்சியசே ஆகும்.

குதிரையின் உயரத்தைத் தரையிலிருந்து பிடரியும் முதுகும் சேரும் மேடு வரை அளப்பர். அதற்குக் ‘கை’ என்னும் அளவு வழங்குகிறது. ஒரு கை என்பது நான்கு அங்குலம். பொதுவாக 14 கையும் 2 அங்குலமும், அதாவது ஏறத்தாழ 148 சென்டிமீட்டர், அல்லது அதற்குக் குறைந்த உயரமும் உடையவற்றைத் தமிழில் ‘மட்டக்குதிரை’ என்போம்.

3. கடல்வழி வந்த குதிரை

தமிழில் குதிரையைக் குறிக்கப் பரி, புரவி, மா, இவுளி எனப் பல சொற்கள் உள்ளன. பெண்குதிரையைப் ‘பெட்டை’ எனக் கூறும் மரபைத் தொல்காப்பியத்தின் மரபியல் பதிவு செய்துள்ளது. சொற்கள் இத்துணை இருந்தும், தமிழகத்தில் போர்க்குதிரைகள் பெருமளவில் வளர்க்கப்படவில்லை. அவை வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டன.

காவிரிப்பூம்பட்டினத் துறையில் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘குதிரைச் செட்டி’ என்னும் வணிகர் இடம்பெறுகின்றனர். அவர்கள் மலைமண்டலத்தைச் சேர்ந்தவர்கள் எனக் கல்வெட்டுகள் கூறும். மலைமண்டலம் என்பது நீங்கள் இப்போது வாழும் கேரள நாடேயாகும். அரபுக்கடல் வழியாக மேற்குக் கரையில் வந்திறங்கிய குதிரைகள் மலைகளைக் கடந்து சோழநாடு சேர்ந்தன. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னுடன் அனுப்பப்பட்ட மாணிக்கவாசகரின் கதையும், நரிகள் பரிகளான திருவிளையாடலும் நீங்கள் அறிந்தவை. ஓர் அமைச்சரையே அனுப்பும் அளவிற்குக் குதிரை வாங்குவது அரசின் பெருஞ்செலவாக இருந்தது என்பது அக்கதையினால் விளங்கும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டதையும், அவற்றுள் பல விரைவில் இறந்ததையும் எழுதியுள்ளார். குதிரைக்கு இலாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் அறிந்தோர் இங்கு இல்லை என்பது அவர் கூறும் காரணம். குதிரைக்குச் சோற்றுடன் இறைச்சி சமைத்துக் கொடுத்தனர் என்றும் அவர் எழுதுகிறார். குதிரை புல் தின்னும் விலங்கு. உலர்ந்த பரந்த புல்வெளிகளே அதற்கு ஏற்ற நிலம்.

ஆகவே கடற்கரையை ஒட்டிய நாடுகளை ஆண்டோர் அனைவருக்கும் ஒரே சிக்கல் இருந்தது: குதிரையை விலைகொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பதா, அருகில் ஓரிடத்தில் வளர்ப்பதா? பிற்காலத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி 1824ஆம் ஆண்டில் ஓசூரில் படைக்குதிரைகளை வளர்ப்பதற்கென ஒரு பண்ணையைத் தொடங்கியது. இன்று அது தமிழக அரசின் கால்நடைப் பண்ணையாக உள்ளது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஐரோப்பியர் இச்சிக்கலுக்குக் கண்ட விடைதான் நெடுந்தீவு.

4. தீவே வேலி

நெடுந்தீவு இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தது. இராமேசுவரத்திற்கு வடகிழக்கே கடலில் அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் செல்லவேண்டும். அங்கு வாழ்வோர் தமிழர். தீவு முழுதும் தட்டையான நிலம். மண்ணின் கீழே சுண்ணாம்புப் பாறையும் பவளக் கல்லும் உள்ளன. மக்கள் அக்கற்களைச் சாந்தின்றி அடுக்கித் தம் வளவுகளுக்கு வேலி அமைத்துள்ளனர். பனைமரங்களும், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ‘பெருக்கு’ என்னும் பருத்த மரமும் அத்தீவின் அடையாளங்கள்.

போர்ச்சுக்கீசியர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் அதனை அவர்களிடமிருந்து பறித்தனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை யாழ்ப்பாணத் தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை ‘லைடன்’ ஆயிற்று. காரைதீவு ‘ஆம்ஸ்டர்டாம்’ ஆயிற்று. நெடுந்தீவு ‘டெல்ஃப்ட்’ ஆயிற்று. ஏனைய பெயர்கள் மறைந்தொழிய, டெல்ஃப்ட் என்னும் பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது.

போர்ச்சுக்கீசியர் காலத்தில் தொடங்கிய குதிரை வளர்ப்பு ஒல்லாந்தர் காலத்தில் ஒழுங்குபெற்றது. இதற்கு இத்தீவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. தீவைச் சூழ்ந்த கடலே வேலியாக இருந்தது. குதிரை தப்பியோட இயலாது. குதிரையைக் கொல்லும் பெருவிலங்குகள் இல்லை. மேய்வதற்குத் திறந்த புல்வெளி இருந்தது. வெளிக்குதிரை தானே வந்து கலக்க இயலாதாகையால், எவ்வகைக் குதிரை எவ்வகையுடன் சேரவேண்டும் என்பதை வளர்ப்போரே முடிவு செய்யலாம். ஜெர்சித் தீவினர் சட்டத்தால் செய்ததை இங்குக் கடல் செய்தது.

ஒல்லாந்தர் கட்டிய குதிரைப் பந்தியின் கல்தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. குதிரைகளுக்கு நீரூட்டப் பயன்பட்ட கிணறுகளும் தொட்டிகளும் அதனருகே உள்ளன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் படை அலுவலர் தீவை நிருவகித்துக் குதிரை வளர்ப்பையும் கவனித்தார். பின்னர் அவ்வளர்ப்பு கைவிடப்பட்டது. சாலைகளும், பின்னாளில் இருப்புப்பாதையும் பெருகியபின் படைக்குதிரையின் தேவையும் குறைந்தது. ஆளவந்தோர் சென்றனர். குதிரைகள் தீவிலேயே தங்கின.

5. நெடுந்தீவுக் குதிரையின் இயல்புகள்

கட்டப்படாமல் திரியும் கால்நடையை யாழ்ப்பாணத் தமிழில் ‘கட்டாக்காலி’ என்பர். நெடுந்தீவுக் குதிரைகளைக் கட்டாக்காலிக் குதிரைகள் எனலாம். இவற்றைக் காட்டுக்குதிரைகள் என்பது முற்றும் பொருந்தாது. இவற்றின் முன்னோர் சேணமும் கடிவாளமும் அறிந்தவை. பழக்கப்பட்ட விலங்கின் வழித்தோன்றல்கள் மனிதரின் கையை விட்டு விலகி வாழ்கின்றன என்பதே சரியான கூற்று.

உருவில் இவை சிறியவை. மட்டக்குதிரை வகையில் அடங்குபவை. பழுப்பும் கருமையும் வெண்மையும் கலப்பு நிறமும் உடையவற்றைக் காணலாம். வறண்ட தீவில் சிறிய உடலால் ஒரு நன்மை உண்டு. பெரிய உடலுக்கு மிகுந்த புல்லும் நீரும் வேண்டும். சிறிய உடல் குறைந்த தீவனத்தில் பிழைக்கும். கோடைதோறும் பஞ்சம் வரும் நிலத்தில், பல தலைமுறைகளாகச் சிறியவையும் உரமுடையவையுமே எஞ்சி நிற்கும். ஒல்லாந்தர் தேர்வு செய்வதை நிறுத்திய பின்னர் தீவு தேர்வு செய்யத் தொடங்கியது.

கட்டின்றி வாழும் குதிரைகள் சிறு கூட்டங்களாக வாழும். ஓர் ஆண்குதிரையும் சில பெட்டைகளும் அவற்றின் குட்டிகளும் ஒரு கூட்டம். வளர்ந்த இளம் ஆண்குதிரைகள் அக்கூட்டத்தைவிட்டு நீங்கித் தமக்குள் வேறொரு கூட்டமாகத் திரியும். பெட்டை ஏறத்தாழ 11 மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். குட்டி பிறந்த சில மணிநேரத்தில் எழுந்து தாயைப் பின்தொடரும்.

குதிரை மாட்டைப்போல் அசைபோடும் விலங்கன்று. தின்ற புல் அதன் குடலின் பிற்பகுதியில் செரிக்கிறது. ஆதலால் அது சிறிது சிறிதாக நாள்முழுதும் மேயவேண்டும். மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் முன்பற்கள் இருப்பதால் புல்லைத் தரையொட்டக் கடிக்கவல்லது. புல் குறைந்த காலத்தில் இது குதிரைக்கு உதவுகிறது. எனினும் அதே புல்லை நம்பி வாழும் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் அப்போது மேய்ச்சல் குறைகிறது.

6. இடம் இழந்த ஓர் இனம்

நெடுந்தீவில் மனிதர் சென்றனர், குதிரைகள் நின்றன. இதற்கு நேர்மாறாக, நிலம் கைவிட்டுப்போக மனிதர் குதிரைகளை அழைத்துச் சென்ற வரலாறும் உலகில் உண்டு. அது ‘திரக்கேனர்’ என்னும் ஜெர்மானிய இளவெப்பக் குருதி இனத்தின் வரலாறு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஓர் இனம் எதனால் நிலைக்கிறது என்பது தெளிவாகும்.

பிரசியா நாட்டு அரசர் முதலாம் பிரெடரிக் வில்லியம், படைக்கு விரைவும் தாங்குதிறனும் உடைய குதிரைகளை விரும்பினார். கிழக்குப் பிரசியாவில் திரக்கேனன் என்னும் இடத்தில் சதுப்பு நிலத்தின் நீரை வடித்து மேய்ச்சல் நிலமாக்கினர். 1732ஆம் ஆண்டில் அங்கு அரச குதிரைப் பண்ணை நிறுவப்பட்டது. அந்நிலத்தின் பழைய சிறுகுதிரைகளின் உரமும், அரேபிய, ஆங்கிலப் பந்தயக் குதிரைகளின் விரைவும் ஒன்றுசேருமாறு பல தலைமுறைகள் வளர்த்தனர். இளங்குதிரைகளைப் பள்ளங்களையும் வேலிகளையும் தாண்டி ஓடச் செய்து, தேறியவற்றையே இனப்பெருக்கத்திற்கு வைத்துக்கொண்டனர். ஒவ்வொரு குதிரையின் பெற்றோர் பெயரும் ஏட்டில் எழுதப்பட்டது. 1787 முதல் பண்ணைக் குதிரைகளின் வலத்தொடையில் எல்க் என்னும் பெருமானின் ஏழு கிளைக் கொம்பு சூட்டுக்குறியாக இடப்பட்டது.

இவ்வாறு உருவான குதிரை ஏறத்தாழ 160 முதல் 170 சென்டிமீட்டர் உயரம் உடையது. சிறிய அழகிய தலை, நீண்ட கழுத்து, சாய்ந்த தோள், நீண்ட உறுதியான கால்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். அது குதிநடை போடும்போது நான்கு கால்களும் ஒரு நொடி தரையைவிட்டு மிதப்பதுபோல் தோன்றும். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் குரோனோசு, நூர்மி என்னும் இவ்வினக் குதிரைகள் தங்கப் பதக்கங்களைப் பெற்றுத் தந்தன.

எட்டு ஆண்டுகளில் எல்லாம் மாறின. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் சோவியத்துப் படை கிழக்குப் பிரசியாவை நெருங்கியது. 1944 அக்டோபரில் திரக்கேனன் பண்ணை காலிசெய்யப்பட்டது. 1945 சனவரியில், கடுங்குளிரில், அந்நாட்டு மக்கள் தம் குடும்பத்தையும் உடைமைகளையும் குதிரை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மேற்குநோக்கிப் புறப்பட்டனர். வழியில் கடற்கழி ஒன்று உறைந்து பனித்தளமாகக் கிடந்தது. அப்பனியின்மேல் வண்டிகள் சென்றன. போர் விமானங்கள் குண்டு பொழிந்தன. பனி உடைந்து மக்களும் குதிரைகளும் மூழ்கினர். பண்ணைக் குதிரைகளுள் பெரும்பகுதியும் மேற்கே சென்று சேரவில்லை. பல்லாயிரமாக இருந்த அவ்வினத்தில் மேற்கு ஜெர்மனியை அடைந்தவை மிகச் சிலவே. வண்டி இழுத்து வந்தவற்றுள் சினைப்பட்ட பெட்டைகளும் இருந்தன.

திரக்கேனன் இப்போது உருசியாவைச் சேர்ந்தது. அதன் பெயரும் யாஸ்னயா பொல்யானா என மாறிவிட்டது. ஆயினும் இனம் அழியவில்லை. 1947ஆம் ஆண்டில் குதிரை வளர்ப்போர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். எஞ்சிய குதிரைகளைச் சூட்டுக்குறியால் அடையாளம் கண்டு, பெற்றோர் பெயர்களைத் தொகுத்து மீண்டும் ஏட்டில் பதிந்தனர். அரேபிய, ஆங்கிலப் பந்தயக் குருதி தவிர வேறு கலப்பை இன்றும் ஏற்பதில்லை. தாயகமான ஊர் இல்லாமலே ஏடும் குறியும் மனிதரின் கவனமும் அவ்வினத்தைத் தாங்கி நிற்கின்றன.

7. இரண்டு வரலாறுகள், ஒரு வினா

திரக்கேனருக்கு ஏடு உண்டு, இடம் இல்லை. நெடுந்தீவுக் குதிரைக்கு இடம் உண்டு, ஏடு இல்லை. அதன் பெற்றோர் பெயரை எழுதுவாரும், ‘என்னுடையது’ என உரிமை கூறுவாரும் இல்லை. அந்நிலமே அதன் ஒரே பாதுகாப்பு. அந்நிலத்தில் நீர் வற்றினால் என்ன ஆகும்?

நீங்கள் வாழும் வித்துராவில் பொன்முடி மலையின் மழை ஆண்டிற்கு இருமுறை பருவந்தோறும் பொழிகிறது. நெடுந்தீவுக்கு வடகிழக்குப் பருவமழையே பெருந்துணை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை குளங்களையும் பள்ளங்களையும் நிரப்பும். அடுத்துவரும் கோடையில் அவை ஒவ்வொன்றாக வறண்டுபோகும். கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீரே கிடைக்கும். வறட்சி கடுமையான ஆண்டுகளில் குதிரைகள் நீரின்றி இறந்துள்ளன.

ஒரு சிறு கணக்குச் செய்து பாருங்கள். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் நீர் வேண்டும் எனக் கொள்வோம். ஒரு குடம் 15 லிட்டர் எனில் அது இரண்டு குடம். குதிரைகள் 300 எனக் கொண்டால் 600 குடம். மூன்று மாத வறட்சிக்கு 54,000 குடம் ஆகிறது. குடிநீருக்கே அரிதில் முயலும் தீவு மக்கள் இதனைத் தனியே சுமக்க இயலுமா?

2015ஆம் ஆண்டில் இலங்கை அரசு நெடுந்தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஆனால் அறிவிப்பால் மட்டும் குளம் நிரம்பாது. மழைநீர் தேங்கும் பழைய பள்ளங்களைத் தூர்வாருதல், கோடையில் தொட்டிகளில் நீர் நிரப்புதல், குதிரைக்கும் மக்களின் கால்நடைக்கும் மேய்ச்சல் நிலத்தைப் பங்கிடுதல், குதிரைகளைக் கணக்கெடுத்து ஏட்டில் பதிதல் ஆகியன செய்யத்தக்க பணிகள். சிறு கூட்டமாகத் தனித்து வாழும் விலங்குகளில் நெருங்கிய உறவினுள்ளேயே இணைசேரல் மிகும். அதனால் குறைபாடுகள் தோன்றலாம். கணக்கும் ஏடும் இருந்தால் அதனையும் கண்காணிக்க இயலும்.

“உரிமையாளர் இல்லாத விலங்குக்கு நாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?” என்று சிலர் கேட்கக்கூடும். அக்குதிரைகள் தாமே கடல் நீந்தி வந்தவை அல்ல. மனிதர் தம் தேவைக்காகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, வெளியேற வழியில்லாத நிலத்தில் விட்டனர். கொண்டுவந்தோர் இன்று இல்லை. தீவைச் சூழ்ந்த கடல் அன்றுபோல் இன்றும் வேலியாக நிற்கிறது. நீரைத் தேடி அவை வேறிடம் செல்ல இயலாது. ஆகவே நீரை அவை இருக்குமிடத்திற்குக் கொண்டுசெல்வதே வழி.

அருஞ்சொற்பொருள்

நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்ட குறுகிய கடல்
பிடரி – கழுத்தின் பின்புறம்
இலாடம் – குளம்பில் அடிக்கும் இரும்புத் தகடு
சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
பந்தி – குதிரைகளைக் கட்டும் கொட்டில்
வளவு – வீட்டைச் சூழ்ந்த நிலம்
கடற்கழி – கடலையொட்டிய நீர்ப்பரப்பு
கும்பினி – வணிகக் குழுமம்
உவர்நீர் – உப்புச்சுவையுள்ள நீர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கால்நடை ‘இனம்’ என்பது யாது?
2. ‘வெப்பக் குருதி’, ‘குளிர்க் குருதி’ என்னும் பெயர்கள் எதனைக் குறிக்கின்றன?
3. ‘குதிரைச் செட்டி’ என்போர் யாவர்?
4. நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டுக்குதிரைகள் என்பது ஏன் பொருந்தாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. குதிரை வளர்க்க நெடுந்தீவு தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணங்களைத் தொகுத்தெழுதுக.
2. திரக்கேனர் இனம் தாயகத்தை இழந்தபின்னும் எவ்வாறு நிலைத்தது?

இ. மொழிப்பயிற்சி
1. கட்டாக்காலி – இச்சொல்லைப் பிரித்து, பொருள் கூறுக.
2. ‘மட்டக்குதிரை’, ‘மேய்ச்சல் நிலம்’, ‘சூட்டுக்குறி’ ஆகியவற்றைச் சொந்தத் தொடர்களில் அமைத்தெழுதுக.

ஈ. கேட்டறிந்து எழுதுக
உங்கள் பெற்றோரின் சொந்த ஊர்ப் பகுதிக்குரிய மாட்டினம் எது? காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி ஆகியவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம். பாட்டி, தாத்தாவிடம் தொலைபேசியில் கேட்டு, அதன் நிறம், கொம்பு, பயன் ஆகியவற்றையும், இன்று அங்கு அதனை வளர்ப்போர் உளரா என்பதையும் பத்துத் தொடர்களில் எழுதி வருக. அவர்கள் கூறும் ஊர்வழக்குச் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதுக.